ரெட் அலர்ட் இல்லையென்றால் மூணாறு போகலாமா?

இடுக்கிக்கு ஆரஞ்சு, வயநாட்டுக்கு மஞ்சள், தேனிக்கு ஒன்றுமில்லை. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை இப்படித்தான் செய்தி ஓடும். போடியிலோ கம்பத்திலோ இருந்து குடும்பத்தோடு மலையேற வேன் பேசி, அறைக்கு முன்பணமும் கட்டியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: சிவப்பு வரவில்லையே, போகலாம்தானே?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அலர்ட்டின் நிறம் வானத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் விழலாம் என்று மட்டுமே சொல்கிறது. அந்தத் தண்ணீரை மலை எப்படி வாங்கிக்கொள்ளும், ரோடு தாங்குமா, நீங்கள் இரவு படுக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் அந்த நிறத்துக்குள் இல்லை. அவற்றை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையை 24 மணி நேரக் கணக்கில் அளக்கிறது. இன்று காலை எட்டரைக்கு எடுக்கும் அளவு, நேற்றுக் காலை எட்டரையிலிருந்து பெய்த மொத்தம். கேரளத்தில் நிறங்கள் நடைமுறையில் இப்படிப் பிரிகின்றன:

1. மஞ்சள்: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை மழை எதிர்பார்ப்பு. தமிழ்ச் செய்திகளில் இது ‘கனமழை’.
2. ஆரஞ்சு: 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. ‘மிக கனமழை’.
3. சிவப்பு: 204.4 மி.மீ.க்கு மேல். ‘அதி கனமழை’.

மில்லிமீட்டர் என்றதும் சின்னதாகத் தோன்றும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் 200 மி.மீ. பெய்தால் சுமார் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாக எண்ணினால் 67 லாரி. ஒரே ஒரு ஏக்கர் தேயிலைச் சரிவின் மேல், ஒரே நாளில். சிவப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஆரஞ்சின் கணக்கே இதுதான். ‘ஆரஞ்சுதானே’ என்று சொல்வதற்கு முன் இந்த 67 லாரியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த நிறத்தில் வேறு சில இடைவெளிகளும் உண்டு.

ஒன்று, அலர்ட் மாவட்டத்துக்குக் கொடுக்கப்படுகிறது. இடுக்கி நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த மாவட்டம். தாழ்ந்த தொடுபுழாவும், 1,500 மீட்டர் உயரத்து மூணாறும், மழை மறைவில் கிடக்கும் மறையூரும் அதற்குள்ளேயே வருகின்றன. மூன்றுக்கும் ஒரே நிறம். மறையூரில் சந்தன மரத்தடியில் காய்ந்த தரையில் நின்றுகொண்டு ‘அலர்ட் எல்லாம் சும்மா’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடம் அப்படி.

இரண்டு, அது வரப்போகிற மழையைப் பற்றியது. ஏற்கெனவே பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழை அதில் இல்லை. இதுதான் முக்கியமான இடைவெளி. கீழே விரிவாகப் பார்ப்போம்.

மூன்று, கேரளத்தில் அணைகளுக்கும் நிற அலர்ட் உண்டு. நீர்மட்டம் ஏற ஏற நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று மின்வாரியமும் நீர்ப்பாசனத் துறையும் அறிவிக்கும். ‘இடுக்கி அணைக்கு ரெட் அலர்ட்’ என்றால் மதகு திறக்கும் கட்டம் நெருங்கிவிட்டது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று பொருள். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் அது வரலாம். வாட்ஸ்ஆப்பில் இந்த இரண்டு சிவப்பும் ஒன்றாகக் கலந்து வருவதால்தான் பாதிக் குழப்பம். தலைப்பைப் படித்து நிறுத்தாமல், அது மழைக்கா அணைக்கா என்று பார்த்துவிட வேண்டும்.

கீழே வெயில், மேலே மழை

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் முட்டி ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவிலும் முகட்டிலும் மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது கையில் மிச்சம் கொஞ்சம்தான். அதனால்தான் ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றும் சாரலுமாக இருக்கும்போது, முப்பது நாற்பது கிலோமீட்டர் மேற்கே நாள் முழுக்க அடைமழை. கீழே இருப்பவருக்கு மேலே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் கிழக்குச் சரிவும் நனையும். மதியம் வரை பளிச்சென்று இருந்துவிட்டு, மூன்று நான்கு மணிக்கு இடியோடு ஒரே கொட்டாகக் கொட்டும். இந்த மாதங்களில் மலைப்பாதை ஏற்றத்தை, இறக்கத்தைக் காலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஓடைக்கும் அருவிக்கும் இதே கணக்கு. பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில் திடீரென்று குளிக்கத் தடை போடுவார்கள். அங்கே ஒரு துளி மழை இருக்காது. தண்ணீர் வருவது கொடைக்கானல் மலையிலிருந்து. மழை அங்கே பெய்திருக்கும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் துணிமணியைக்கூட எடுக்காமல் கரையேறிவிட வேண்டும். செல்போனை எடுக்கத் திரும்புகிற அந்த அரை நிமிடம்தான் ஆளைக் கொண்டுபோகும்.

மலையாளத்தில் மூன்று சொற்கள், தமிழ்ச் செய்தியில் ஒன்று

தமிழ்ச் செய்திகளில் மலையில் என்ன சரிந்தாலும் ‘நிலச்சரிவு’தான். மலையாளத்தில் மூன்று தனிச் சொற்கள் இருக்கின்றன. மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழர்களும் அவற்றைத்தான் புழங்குகிறார்கள். பயணிக்கு இந்த வேறுபாடு மிகவும் உதவும். ஏனென்றால் மூன்றிலிருந்தும் தப்பிக்கும் வழி வேறு வேறு.

1. மண்ணிடிச்சில். ரோடு போடவோ கட்டடம் கட்டவோ மலையைச் செங்குத்தாக வெட்டிய இடத்தில், ஈரம் ஏறி மண்ணும் பாறையும் பெயர்ந்து விழுவது. பெரும்பாலும் பாதையோரத்தில் நடக்கும். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் தேவிகுளத்துக்கு அருகே உள்ள கேப் ரோடு இதற்குப் பெயர்போனது. சாலையை அகலப்படுத்தும் வேலையின்போது 2019, 2020 ஆண்டுகளில் அங்கே மலைமுகமே பெயர்ந்து வந்து, போக்குவரத்து நின்றுபோனது.

2. உருள்பொட்டல். மலையின் மேல் மடிப்பில் மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து, ஒரு கட்டத்தில் மண், பாறை, மரம், தண்ணீர் எல்லாம் கூழாகிக் கீழ்நோக்கிப் பாய்வது. தொடங்கும் இடம் ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி இருக்கலாம். ஓடையின் வழியைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகும்.

3. மலைவெள்ளப் பாச்சில். மேலே பெய்த மழை காட்டாற்றில் திடீர் வெள்ளமாக இறங்குவது. கும்பக்கரையில் பார்த்தது இதைத்தான்.

மண்ணிடிச்சில் ரோட்டில் போகிறவரைப் பிடிக்கும். உருள்பொட்டல் தூங்குகிறவரைப் பிடிக்கும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள், அதாவது வரிசை வீடுகள் மீது உருள்பொட்டி வந்தது. 70 பேர் மாண்டார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம். மழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்திருந்ததால், வெளியுலகத்துக்குத் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையைத் துடைத்தெடுத்ததும் நள்ளிரவுக்குப் பிறகுதான். இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். சுற்றுலா வந்து தங்கியிருந்தவர்களும் அதில் உண்டு.

வயநாட்டைப் பற்றி அப்போதைய கேரள முதல்வர் பினராயி விஜயன் சொன்ன கணக்கை இங்கே கவனிக்க வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் 200 மி.மீ., அடுத்த 24 மணி நேரத்தில் 372 மி.மீ., ஆக 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மழை. அதுவரை இருந்தது ஆரஞ்சு அலர்ட். சிவப்பு வந்தது காலை ஆறு மணிக்கு, மலை சரிந்த பிறகு என்றார் அவர். எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டது என்று மத்திய அரசு சொல்ல, இருதரப்பிலும் பெரிய வாக்குவாதம் நடந்தது. யார் சரி என்பது அரசியல் விவகாரம். பயணிக்கு அதில் உள்ள பாடம் வேறு: மலை ஒரு நாள் மழையில் மட்டும் சரிவதில்லை. முதல் நாள் மழை மண்ணின் இடுக்குகளை நிரப்புகிறது. நிரம்பிய மண்ணில் துகளைத் துகள் பிடிக்கும் பிடி தளர்கிறது, எடையும் கூடுகிறது. இரண்டாம் நாள் மழை அந்தத் தளர்ந்த மண்ணைத் தள்ளிவிடுகிறது. முதல் நாள் தாங்கிய சரிவு, இரண்டாம் நாள் அதைவிடக் குறைந்த மழையிலேயே போய்விடலாம்.

ஆக, பார்க்க வேண்டியது நாளைய நிறத்தை மட்டுமல்ல. கடந்த இரண்டு மூன்று நாள் எவ்வளவு பெய்தது என்பதையும்தான். மூன்று நாள் தொடர்ந்து கொட்டியிருக்கிறது, நாளைக்கு மஞ்சள் என்றால், காய்ந்த மண்ணில் வரும் ஆரஞ்சைவிட அந்த மஞ்சள் மோசம்.

எங்கே படுக்கிறோம்?

மலைப்பயணத்தில் பாதுகாப்பு என்றாலே எல்லோரும் ரோட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மழைக்காலத்தில் அதைவிடப் பெரிய முடிவு அறையைத் தேர்ந்தெடுப்பது. ரோட்டில் இரண்டு மணி நேரம் இருப்போம்; அறையில் பத்து மணி நேரம், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

‘அறையிலிருந்தே ஓடைச் சத்தம் கேட்கலாம்’, ‘தனி அருவி உண்டு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கோடையில் அது சரி. அடைமழைக் காலத்தில் அந்த ஓடைதான் உருள்பொட்டலின் பாதை. பணம் கட்டும் முன் செல்போனிலேயே செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். கட்டடத்துக்கு நேர் மேலே மலை இரண்டு கைகளைக் குவித்தது மாதிரி மடிந்திருக்கிறதா? அந்த மடிப்பிலிருந்து கோடு கிழித்தது போல ஓடை இறங்கி வருகிறதா? அப்படியானால் ஜூன் முதல் நவம்பர் வரை அந்த இடம் வேண்டாம். கட்டடத்தின் பின்சுவருக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, வெட்டிய மண் சுவர் தலைக்கு மேல் நின்றால், குறைந்தபட்சம் அந்தப் பக்கத்து அறை வேண்டாம். மேட்டின் முதுகில், அதாவது இரண்டு ஓடைகளுக்கு நடுவில் உயர்ந்து நிற்கும் பகுதியில் இருக்கும் விடுதி காற்றடிக்கும், குளிரும். ஆனாலும் அதுவே மேல்.

போய்ச் சேர்ந்ததும் பக்கத்து டீக்கடையில் கேட்டுவிடலாம். மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, சூரியநெல்லி, வண்டிப்பெரியாறு எங்கும் தமிழ் பேசும் ஆட்கள் உண்டு. ‘இங்கே முன்னாடி உருள்பொட்டியிருக்கா அண்ணே?’ என்று கேட்டால், எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று கை காட்டியே சொல்வார்கள். எந்த ஆப்பிலும் கிடைக்காத தகவல் அது.

இரவில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. ஓடை திடீரென்று கலங்கிச் சேறாக ஓடுவது.
2. மழை விடாமல் பெய்யும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது. இதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. உண்மையில் பயப்பட வேண்டிய நேரம் இது. மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும்.
3. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தரையிலோ சுவரிலோ புது விரிசல், மூடிய கதவு திறக்காமல் இறுகுவது.
4. மரம் முறியும் சத்தம், பாறை உருளும் சத்தம், தொடர்ந்து ஒரு முழக்கம்.

எது வந்தாலும் ஓடைக்குக் குறுக்கே போகக் கூடாது. பள்ளத்தை நோக்கியும் ஓடக் கூடாது. நிற்கிற கரையிலேயே பக்கவாட்டில் விலகி மேட்டின் முதுகுக்கு ஏற வேண்டும். உருள் வரும் வேகத்துக்கு நேர்கீழே ஓடி யாரும் ஜெயிக்க முடியாது.

சிவப்பு அலர்ட் நாட்களில் மாவட்ட ஆட்சியர் சுற்றுலா இடங்களை மூடுவார். மலைப்பாதையில் இரவுப் பயணத்துக்குத் தடை போடுவார். வழக்கமாக இரவு ஏழு முதல் காலை ஆறு வரை. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. சோதனைச்சாவடியில் நிற்கிற காவலரிடம் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது?

மழை இல்லாத மாதத்திலும் குறையாத ஆபத்து இது. மலையடிவாரத்து முந்தலிலிருந்து மாநில எல்லையில் இருக்கும் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே போடியிலிருந்து பார்த்தால் உயர வித்தியாசம் தோராயமாக ஆயிரம் மீட்டர். ஏறும்போது இன்ஜின் திணறும், அவ்வளவுதான். ஆபத்து இறங்கும்போது.

ஒரு கணக்குப் போடலாம். ஆளும் சாமானும் சேர்த்து மூன்றரை டன் எடையுள்ள வேன் ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. அதன் உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை பிரேக் மட்டுமே தாங்கினால் எல்லாம் வெப்பமாகும். மொத்த ஆற்றலையும் வெப்பமாக எடுத்தால், நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதைத் தாங்க வேண்டியது சக்கரத்துக்குள் இருக்கும் கையகல லைனிங்கும் இரும்பும்.

இதனால் நடப்பவை:

1. லைனிங் அளவுக்கு மேல் சூடானால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். மிதித்தால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.
2. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுடையது. பழைய ஆயிலில் உள்ள அந்த ஈரம் சூட்டில் ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு போலத் தரை வரை போய்விடும். மலைக்குக் கிளம்புமுன் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று மெக்கானிக்கிடம் கேட்பது இதற்குத்தான்.
3. பஸ், லாரிகளில் காற்று பிரேக். விட்டு விட்டு மிதித்துக்கொண்டே வந்தால் தொட்டியில் காற்று தீரும். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.

மருந்து பழசுதான்: ஏறின கியரில் இறங்கு. இன்றைக்கு வரும் வண்டிகள் மூன்றாவது கியரிலேயே சுலபமாக ஏறிவிடுவதால், இறங்கும்போது அதற்கும் ஒன்று குறைத்து இரண்டாவதில் போடுவது இன்னும் நல்லது. இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும் போதும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் தாழ் கியரில் நிறுத்தும் வசதி எங்கே இருக்கிறது என்று கீழேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு. இரண்டு பேரோடு இறங்கினால் சுமை முழுக்க பிரேக்கில்தான், ஆகவே நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜின்களில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் கிட்டத்தட்ட முழுசாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓடவைக்கக் கொஞ்சம் எரியும். உயிரைப் பணயம் வைத்து டீசலையும் வீணாக்குவது! சாவியை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவிச் சக்தி இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும்; ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

லைனிங் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். அப்புறம், வைத்த கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரவில் பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல் போதும்.

குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இது வெறும் மரியாதை இல்லை. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையில் உள்ள விதி. மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போதும்.

யானைக்கு மாநில எல்லை தெரியாது

சின்னக்கானல் பக்கம் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்துப் பெயர் வாங்கிய அரிக்கொம்பன் என்ற யானையை, 2023 ஏப்ரல் கடைசியில் கேரள வனத்துறை பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. எல்லை மலையில் ‘அந்தப் பக்கம்தான் யானை’ என்று எதுவும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகும் பாதை, வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கும் பாதை, சூரியநெல்லி, ஆனையிறங்கல் வட்டாரம், எல்லாமே அவை நடக்கும் வழி.

வண்டிக்கு முன்னால் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹாரன், பிளாஷ், கத்தல் எதுவும் கூடாது. நம் வண்டி பின்னால் நகர இடம் வைத்து நிற்க வேண்டும். யானையின் பாதையில் குறுக்கே நிறுத்தி அடைத்துவிடக் கூடாது. கூட்டத்தில் ஒன்றிரண்டு ரோட்டைக் கடந்துவிட்டால் உடனே நடுவில் புகுந்து போகாதீர்கள். பின்னால் குட்டி வரலாம். அதற்கும் தாய்க்கும் நடுவில் சிக்குவது போன்ற தப்பு வேறில்லை. செல்பி எடுக்க இறங்குகிறவருக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. யானை மனிதனைவிட வேகமாக ஓடும், சரிவிலும் ஓடும். அதிகமாக மாட்டிக்கொள்வது பைக்கில் அந்தி நேரத்தில், வளைவு திரும்பியதும் நேருக்கு நேர் பார்ப்பவர்கள்தான். காட்டுப் பாதையை ஐந்து மணிக்குள் முடிப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மாசியில் காய்ந்த புல்

மழை போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்தால் 2018 மார்ச் 11ஆம் தேதியை நினைவுகூர வேண்டும். கொழுக்குமலை–குரங்கணி காட்டுப் பாதையில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் அனுமதியுள்ள பாதைகளுக்கு மட்டும் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

தீயைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிவதன் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசுகிறது. பயத்தில் ஆள் உச்சியை நோக்கி ஓடுவதும், தீ அவரைத் துரத்திப் பிடிப்பதும் இதனால்தான். பக்கவாட்டில் விலகி, பாறை வெளியோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ, ஓடைப் படுகையோ பார்த்து ஒதுங்க வேண்டும். காட்டில் உடம்போடு ஒட்டும் நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம்; சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நல்லது.

கேட்கப்படும் இன்னொரு பயம் மூச்சுத்திணறல். அதற்கு இங்கே வேலை குறைவு. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும். ஆனைமுடி உச்சியே 2,695 மீட்டர். நாம் தங்குவது ஆயிரத்து ஐந்நூறில். வளைவில் வரும் வாந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எந்த மாநிலத்தைக் கூப்பிடுவது?

எல்லை மலையின் விசித்திரம் இது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. டாப் ஸ்டேஷனும் தேனி மாவட்டம்தான். போவது மூணாறு வழியாக. போடிமெட்டில் டீக்கடைக்கு ஒரு மாநிலம், எதிர்க் கடைக்கு இன்னொரு மாநிலம் என்கிற மாதிரி.

அவசரத்துக்கு நாடு முழுவதும் 112. முகட்டில் நிற்கும்போது செல்போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ, அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகலாம். நீங்கள் தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் எதிர்முனையில் மலையாளம் கேட்கக்கூடும். பதறி வைத்துவிடாதீர்கள். மாவட்டம், பக்கத்து ஊர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் ரோடு, கடைசியாகத் தாண்டிய வளைவின் எண், இந்த நான்கையும் வரிசையாகச் சொன்னால் மொழி தடையாக இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் எண் எழுதியிருப்பது போட்டோவுக்கு மட்டும் இல்லை.

மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வெளி மாவட்டத்திலிருந்து கூப்பிட்டால் முன்னால் அந்த மாவட்டத்து எஸ்டிடி எண்ணைச் சேர்க்க வேண்டும். ரோடு திறந்திருக்கிறதா என்று கிளம்புமுன் விசாரிக்கவும் இதே எண் உதவும். ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாநிலத்திலும் 108.

பெட்டிமுடியில் போல மழையில் டவரே விழுந்துவிட்டால் இந்த எண்களால் பயனில்லை. அதனால் எந்த விடுதி, எந்த ரோட்டில் போகிறோம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. இரவு ஒன்பது மணி தாண்டியும் போன் வரவில்லையென்றால், தேடத் தொடங்குகிறவர்களுக்கு எந்த வளைவிலிருந்து தேடுவது என்றாவது தெரியும்.